அன்றாடத்தில் ஆண்டவரைக் காண நான்கு வழிகள்: எதை முதலில் எடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மனம் இளகுகிறது. வீடு திரும்பிய பிறகும் பாட்டின் ஒரு வரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பார்த்தால் அந்த ஈரம் எங்கே போனதென்று தெரியவில்லை. துவைக்கக் கிடக்கும் துணி, பதில் போட வேண்டிய கடிதங்கள், காய்ச்சலோடு எழுந்த பிள்ளை, கட்ட வேண்டிய தவணை. ஆலயத்தில் அவ்வளவு பக்கத்தில் இருந்தவர் இங்கே எங்கே என்று மனம் கேட்கிறது. இந்தக் கேள்வியோடு பல வருடம் அலைந்தவன் நான். அதனால் அதே இடத்தில் நிற்கிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

விசுவாசத்தின்படி பார்த்தால் பதில் எப்போதோ சொல்லியாயிற்று. வார்த்தை மாம்சமானது. இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது என்கிறார் லூக்கா. அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றிச் சுவிசேஷங்கள் சொல்வது மிகக் கொஞ்சம்: பிறப்பு, எகிப்துக்குத் தப்பிப்போனது, பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் தங்கிவிட்டது. மீதியெல்லாம் நாசரேத். "இவன் தச்சன் அல்லவா?" என்று ஊர்க்காரர்கள் கேட்டதை மாற்கு 6:3 பதிவு செய்கிறது. தேவகுமாரன் மண்ணில் இருந்த காலத்தின் பெரும்பகுதி மரத்தோடும் உளியோடும் கழிந்திருக்கிறது. ஆகவே அன்றாடத்தில் பரிசுத்தம் இருக்க முடியுமா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அதைப் பார்க்க நம் கண்ணுக்குப் பழக்கம் போதவில்லை. அந்தப் பழக்கம் எப்படி வரும் என்பதுதான் கேள்வி.

திருச்சபையின் இரண்டாயிரம் வருடத்தில் இதற்குப் பல பயிற்சிகள் உண்டு. நான் நான்கை எடுத்துக்கொள்கிறேன்: நேரம் குறித்த ஜெபம், இயேசு ஜெபம், வேலைக்கு நடுவிலேயே தேவனோடு பேசும் சகோதரர் லாரன்ஸின் வழி, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் இரவு நேர நாளாய்வு, அதாவது அன்றைய நாளை ஆண்டவர் முன் திரும்பிப் பார்க்கும் ஜெபம். நான்கையும் குடும்பஸ்தர் ஒருவர் வீட்டிலிருந்தே செய்யலாம். எந்தச் சபையாராக இருந்தாலும் தடையில்லை. ஆனால் நான்கையும் ஒன்றாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் நான்கையும் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஒன்று போதும். எது என்று தேர்ந்தெடுக்க நான் மூன்று விஷயம் பார்ப்பேன். உங்கள் நாளுக்குள் அது எங்கே நுழையும்? தவறிப்போன நாளில் என்ன ஆகும்? எதிரில் இருக்கிற ஆளையும் வேலையையும் பார்க்க அது கண்ணைத் திறந்துவிடுகிறதா?

இருப்பதிலேயே பழையது நேரம் குறித்த ஜெபம். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் தேவாலயத்துக்குப் போனார்கள். "ஒரு நாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்" என்ற 119-ஆம் சங்கீத வரியைக் காட்டி, பகலில் ஏழு வேளை, இரவில் ஒரு வேளை என்று 6-ஆம் நூற்றாண்டில் தன் துறவிகளுக்கு வகுத்துக் கொடுத்தார் புனித பெனடிக்ட். எட்டு வேளை என்றதும் பயப்பட வேண்டாம். 1549-இல் இங்கிலாந்துத் திருச்சபை இதைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையிலும் காலைப் புகழும் மாலைப் புகழும்தான் இரண்டு அச்சாணிகள் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லிவிட்டது. ஆக, நம்மைப் போன்றவர்களுக்குக் காலையில் ஒரு சங்கீதம், மாலையில் ஒரு சங்கீதம், கூடவே கர்த்தர் கற்பித்த ஜெபம். பத்துப் பத்து நிமிடம்.

இதன் பெரிய பலம், உங்கள் மனநிலையை அது கேட்பதே இல்லை. வார்த்தைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஜெபிக்க வாய் வராத நாளிலும் தாவீதின் வாயைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆறுதலாக ஒரு வார்த்தையும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கடிகாரம் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும். இரவுப் பணி மாறி மாறி வருகிறவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்கும் அது கேட்காது. இரண்டு நாள் தவறினால் குற்ற உணர்வு, நான்கு நாள் தவறினால் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். இன்னொன்றும் நடக்கலாம். ஜெபநேரம் பரிசுத்தம், மற்ற நேரம் சாதாரணம் என்று நாளே இரண்டாகப் பிளந்துவிடலாம். பெனடிக்ட் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார். அவருடைய ஒழுங்கு நூலின் 31-ஆம் அதிகாரத்தில் பண்டகசாலைப் பொறுப்பாளருக்கு ஒரு கட்டளை வருகிறது: மடத்தின் பாத்திரங்களையும் உடைமைகளையும் பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களாகவே கருத வேண்டும். 35-ஆம் அதிகாரத்தில் சமையலறை முறைவேலை. வாரம் முடிந்து விடைபெறுகிறவர் சகோதரர்கள் கை கால் துடைத்த துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாக, குறையில்லாமல் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒரு துறவற நூல் துண்டு துவைப்பதைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மணியடித்ததும் பாட வேண்டும், மணி ஓய்ந்ததும் துண்டு துவைக்க வேண்டும்; இரண்டும் ஒரே வீட்டுக்காரருக்குச் செய்கிற வேலை.

இயேசு ஜெபத்துக்கு நேரமே தேவையில்லை. "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய எனக்கு இரங்கும்." அவ்வளவுதான். ஆயக்காரனின் ஜெபமும் குருடனான பர்திமேயுவின் கூக்குரலும் இதில் கலந்திருக்கின்றன. இப்படிச் சிறு ஜெபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கத்தை, எகிப்தின் பாலைவனத் துறவிகள் கூடை பின்னிக்கொண்டே வளர்த்தார்கள். கிழக்குத் திருச்சபை, அதாவது ஆர்த்தடாக்ஸ் சபை, அதை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. முடிச்சுப் போட்ட கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போது, மாடிப்படி ஏறும்போது, தூக்கம் வராத இரவில், மருத்துவரின் அறைக்கு வெளியே எங்கும் சொல்லலாம். தவறிப்போனது என்ற பேச்சுக்கே இடமில்லை, எந்த நிமிடமும் மறுபடி தொடங்கலாம்.

"வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று ஆண்டவர் சொன்னாரே என்று சிலர் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம்தான். ஆனால் கெத்செமனேயில் அவரே மூன்றாம் முறையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26:44 சொல்கிறது. திரும்பச் சொல்வதில் தவறில்லை. மனம் எங்கோ இருக்க உதடு மட்டும் ஓடுவதுதான் தவறு. மூச்சோடு இணைத்துச் செய்யும் முறைகளை மட்டும் வழிகாட்டி இல்லாமல் தொட வேண்டாம் என்று கிழக்குத் திருச்சபை ஆசான்களே எச்சரிக்கிறார்கள்.

பயம் பிடித்த நேரத்தில் இதற்கு இணையான துணை இல்லை. என் வாழ்க்கையில் சில இரவுகளை இந்த ஒரு வரிதான் கடத்திவிட்டது. ஆனாலும் நாம் தேடுகிற குறிப்பிட்ட விஷயத்துக்கு, அதாவது அன்றாடத்தில் அவரைக் காண்பதற்கு, இதை நான் முதலாவதாக வைக்க மாட்டேன். இது பார்வையை உள்ளே திருப்புகிறது. உள்ளே ஜெபம் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் அழுகிறவரைக் கவனிக்காமல் ஒருவர் கடந்து போய்விட முடியும். பழகினவர்களுக்கு இது நடக்காது. தொடங்குகிறவர்களுக்கு நடக்கும்.

மூன்றாவது வழியைத்தான் பெரும்பாலானவர்கள் முதலில் எடுக்க ஆசைப்படுகிறார்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். சகோதரர் லாரன்ஸ் பிரான்சின் லொரேன் பகுதியில் பிறந்தவர், சொந்தப் பெயர் நிக்கோலா எர்மன். போர்வீரனாக இருந்து காயப்பட்டவர். 1640-இல் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது சமையலறை. அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. ஏறக்குறைய 15 வருடம் அதையே செய்தார். கால் ஊனமான பிறகு செருப்பு தைத்தார். 1691-இல் இறந்தார். அவர் கடிதங்களும் உரையாடல்களும் இறந்த பிறகு தொகுத்து அச்சானவை. பாத்திரச் சத்தத்துக்கும் பலர் பலதைக் கேட்கும் கூச்சலுக்கும் நடுவில், நற்கருணைக்கு முன் முழங்காலில் நிற்கும் அதே அமைதியோடு தேவனோடு இருக்கிறேன் என்றார். சட்டியில் வேகும் முட்டையைத் திருப்பிப் போடுவதும் அவருக்கு ஆண்டவரின் அன்புக்காகத்தான்.

அவர் மட்டும் சொல்லவில்லை. பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கார்மேல் துறவி அவிலா தெரேசா தன் மடத்துச் சகோதரிகளுக்கு எழுதினார். 1522-இல் திருமணத்தைப் பற்றி எழுதிய மார்ட்டின் லூதர், குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு அலசுகிற தகப்பனை ஊரார் கேலி செய்யலாம், தேவனோ தம் தூதர்கள் எல்லாரோடும் அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறார் என்றார். கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வேறுபாடெல்லாம் அடுப்படியிலும் துவைக்கும் இடத்திலும் மறைந்துபோவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இவ்வளவு அழகான வழியை ஏன் முதலில் எடுக்கக் கூடாது? ஏனென்றால் எளிது போலத் தெரிகிற இதுதான் இருப்பதிலேயே கடினம். முதல் பத்து வருடம் மிகவும் அவதிப்பட்டேன் என்று லாரன்ஸே எழுதியிருக்கிறார். நாம் அந்த வரியைத் தாண்டிவிட்டு முட்டையைத் திருப்பிய வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அதோடு, அவர் சமையலறை எங்கே இருந்தது என்று யோசியுங்கள். மணியடிக்கும் மடத்துக்குள். அவரைச் சுற்றி நாள் முழுக்க மற்றவர்கள் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நம் சமையலறையில் தொலைபேசிதான் அடிக்கிறது. நான் தொடங்கியபோது காலையில் தேவனை நினைத்துக்கொண்டு வேலையில் இறங்குவேன். அடுத்து அவர் நினைவு வரும்போது மாலை ஆறு மணி. கொஞ்ச நாளில் "என் வேலையே ஜெபம்தான்" என்று சொல்லிக்கொண்டேன். அது ஜெபிக்காமல் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த சமாதானம் என்று புரிய ஒரு வருடம் ஆனது.

அப்புறம்தான் நாளாய்வுக்கு வந்தேன்.

இதன் கதை ஒரு படுக்கையில் தொடங்குகிறது. 1521-இல் ஸ்பெயினின் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாரின் கால் நொறுங்கியது. மாதக்கணக்கில் படுக்கை. வீரதீரக் கதைகள் கேட்டார்; வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வாழ்க்கையும்தான். படிக்காத நேரத்தில் பகற்கனவு. ஒரு சீமாட்டிக்காகச் செய்யப்போகும் சாகசங்களைக் கற்பனை செய்யும்போது இனித்தது, முடிந்த பிறகு உள்ளே வறண்டு கிடந்தது. புனிதர்களைப் போல் வாழ்வதாக நினைத்தபோதும் இனித்தது, முடிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் தங்கியது. நினைக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு வாயில் தங்கிய ருசியில்தான் தெரிந்தது. அவருடைய ஆன்மிகம் முழுக்க இந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது.

வேதத்திலும் இப்படித்தான் நடக்கிறது. யாக்கோபு விழித்த பிறகு சொல்கிறான்: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." எம்மாவு சீஷர்கள் அப்பம் பிட்கப்பட்ட பிறகுதான் "வழியிலே நம்முடைய இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா" என்று கேட்டுக்கொள்கிறார்கள்; எரிந்தபோது ஏன் என்று தெரியவில்லை. மோசேக்குக்கூட முகம் காட்டப்படவில்லை, கடந்து போன பிறகு பின்பக்கம்தான். தேவன் நம் நாளுக்குள் இருப்பதை நாம் பெரும்பாலும் அவர் கடந்த பிறகே அறிகிறோம். அப்படியானால் கண்ணைப் பழக்க நல்ல இடம் நாளின் முடிவுதான். நாளாய்வை முதலில் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

செய்முறை எளிது. ஐந்து படி: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, எழுந்த நேரத்திலிருந்து நாளை மெதுவாகத் திரும்பிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைய தினத்தை ஆண்டவர் கையில் கொடுப்பது. நமக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். நாள் எவ்வளவு குழப்பமாக இருந்ததோ, திரும்பிப் பார்க்க அவ்வளவு விஷயம் கிடைக்கும். இரவுப் பணிக்காரர் விடியலில் செய்யலாம். நேற்று தவறிவிட்டதா, இன்று இரண்டு நாளையும் பாருங்கள். ஜெபிக்காத நாளையும் ஜெபமாக்கிக்கொள்ள முடிவது இந்த நான்கில் இதற்குத்தான் மிகச் சுலபம்.

ஒரு நாளைச் சொல்கிறேன். அப்பா கடைசி இரண்டு வருடம் நினைவு தப்பி இருந்தார். மாலையில் அவருக்கு நான்தான் ஊட்டுவேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அன்றைக்கு எனக்கு வேலை நெருக்கடி, பக்கத்தில் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. கரண்டியை நீட்டினேன், அவர் வாயைத் திறக்கவில்லை. மறுபடி நீட்டினேன். நடுங்கும் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல், அந்தக் கரண்டியை என் வாய்ப்பக்கம் திருப்பினார். "நான் அப்புறம் சாப்பிடுறேன், நீங்க சாப்பிடுங்கப்பா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு மிச்சத்தை ஊட்டி முடித்தேன். அப்போது எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான்.

இரவு பத்தரை மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, நன்றி சொல்ல இன்றைக்கு ஒன்றும் இல்லையே என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கரண்டி வந்து நின்றது. என் பெயரை அவர் மறந்து பல மாதம் ஆகியிருந்தது. பிள்ளை சாப்பிட்டானா என்பதை மறக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தார். யாக்கோபின் வார்த்தைதான் வாயில் வந்தது. நாளாய்வு இல்லாவிட்டால் அந்த மாலை எனக்குத் தாமதமான ஒரு மாலையாகவே போயிருக்கும்.

இதிலும் ஆபத்து உண்டு. தன்னையே குற்றம் சாட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது இரவு நேர விசாரணைக் கூண்டாகிவிடும். இஞ்ஞாசியாரே, குணமான பிறகு மன்ரேசா என்ற ஊரில் இருந்த காலத்தில், அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி கிளறி, உயிரை விட்டுவிடலாமா என்ற சோதனை வரை போனவர். அதனாலோ என்னவோ, அவர் தந்த முறையில் பாவம் முதலில் வருவதில்லை. முதல் படி நன்றி. அந்த வரிசையை மாற்றாதீர்கள். மனச்சோர்வில் இருக்கிறவர்களும், அண்மையில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் இப்போதைக்கு நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர்களுக்குக் காலை, மாலைச் சங்கீதம்தான் நல்லது. அது அவர்களைச் சுமக்கும், அவர்களிடம் எதையும் கேட்காது. பயமும் படபடப்பும் அதிகம் உள்ளவர்களுக்கு இயேசு ஜெபம். ஓய்வுநாளை ஒழுங்காக ஆசரிப்பதும் ஒரு வழிதானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அது குடும்பமாகச் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு, தனியாகத் தொடங்கினால் வீட்டில் சண்டைதான் வரும்.

சரி, லாரன்ஸின் வழி? அது தானாக வரும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். நாளாய்வு செய்யத் தொடங்கிச் சில மாதங்களில், இரவில் திரும்பிப் பார்த்த கண் பகலிலேயே கொஞ்சம் விழிக்க ஆரம்பித்தது. கரண்டியோடு உட்காரும்போதே, இது இரவில் என் முன் வரும் என்ற நினைவு வந்துவிடும். அடுத்த தடவை அப்பா கரண்டியைத் திருப்பியபோது நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு அவரும் சாப்பிட்டார்.

தொடங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். படுக்கையில் செய்யாதீர்கள், தூக்கம் வந்துவிடும். விளக்கைத் தணித்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். முதல் வாரம் ஐந்து படியும் வேண்டாம். அன்றைக்கு நடந்த ஒன்றை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதன் விவரத்தோடு நினைவுக்குக் கொண்டுவந்து அதற்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் படுக்கப் போங்கள்.